சதுரம் செவ்வகம் இல்லையாம்: ஒரு மேல்நிலை ஓஓபி பாடநெறி

போன வருடம் யாழ்ப்பாணத்தில் சனி, ஞாயிறு நடந்த மேல்நிலை ஓஓபி (ஒப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங், அதாவது புரோகிராமை ஒப்ஜெக்ட் என்ற துண்டுகளாகப் பிரித்து எழுதும் முறை) பாடநெறி ஒன்றை ஜாவா என்ற கணினி மொழியில் படித்து முடித்தேன். பல்கலைக்கழக மூன்றாம் வருடத் தரம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். குறையும் சொல்லப்போவதால் இடத்தின் பெயரைப் போடவில்லை.

முதல் நாள் அறிமுகம் சுமார்தான். பாடத்திட்டத்தை ஸ்லைடில் போட்டு அப்படியே வாசித்தார்கள். 1960களில் நோர்வேயில் டாலும் நிகார்டும் சிமுலா மொழியைக் கப்பல், துறைமுகம் மாதிரியான விஷயங்களைக் கணினியில் ஓட்டிப் பார்க்கத்தான் தொடங்கினார்கள், கிளாஸ் (ஒரு வகைப் பொருளுக்கான அச்சு), ஒப்ஜெக்ட் (அந்த அச்சில் வார்த்த பொருள்) எல்லாம் அங்கிருந்துதான் வந்தன என்ற கதை மட்டும் நன்றாக இருந்தது. மற்றபடி கொட்டாவி. கோப்பாயிலிருந்து வெயிலில் சைக்கிள் மிதித்து வந்ததற்கு இதுதானா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் கிழமைதான் விஷயம் சூடு பிடித்தது. சேர் போர்டில் செவ்வகம் என்று ஒரு கிளாஸ் எழுதி, அதை நீட்டி, அதாவது அதில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொண்டு, சதுரம் என்று இன்னொன்று எழுதினார். சதுரத்தில் அகலத்தை மாற்றினால் உயரமும் சேர்ந்து மாறும், உயரத்தை மாற்றினால் அகலமும் மாறும், சரிதானே, எல்லோரும் தலையாட்டினோம். பிறகு செவ்வகம் கேட்கும் ஒரு மெதட்டுக்கு (ஒரு வேலையைச் செய்யும் கோட் துண்டுக்கு) சதுரத்தைக் கொடுத்து, முதலில் அகலம் 5, பிறகு உயரம் 4 என்று வைத்து, பரப்பளவு என்ன என்று கேட்டார். 20 என்று எதிர்பார்த்த இடத்தில் 16 வந்தது. பக்கத்தில் இருந்த பெடியன் எழும்பி, "அப்ப சதுரம் செவ்வகம் இல்லையோ சேர்?" என்றான். "கணக்கில செவ்வகம்தான். நீர் எழுதின கிளாஸில இல்லை" என்றார். ஒரு கிளாஸ் வர வேண்டிய இடத்தில் அதை நீட்டி எழுதிய கிளாஸைப் போட்டாலும் எல்லாம் பிழையில்லாமல் ஓட வேண்டும் என்ற லிஸ்கோவ் விதியை நான் முன்பே பாடமாக்கி வைத்திருந்தேன், அது எதற்கு என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது. ஜாவாவைச் செய்தவர்களே இப்படிச் சறுக்கியிருக்கிறார்கள் என்று அடுத்ததாக ஸ்டாக் (மேலே வைத்து மேலிருந்தே எடுக்க வேண்டிய அடுக்கு) கிளாஸைத் திறந்து காட்டினார். அது எங்கேயும் செருகக்கூடிய வெக்டர் என்ற பட்டியல் கிளாஸை நீட்டி எழுதியது, அதனால் அடுக்கின் நடுவிலும் ஒன்றைச் செருகலாம்! 1996இல் வந்த முதல் பதிப்பிலிருந்து இன்றுவரை அப்படியே கிடக்கிறது, பழைய கோட் உடைந்துவிடும் என்று தொடவும் முடியாது.

அசைன்மென்டும் நல்லது. பருத்தித்துறை பஸ்ஸுக்குக் கட்டணம் போடும் புரோகிராம்: முழு டிக்கெட், அரை டிக்கெட், சீசன். எழுதிக் கொடுத்த அடுத்த கிழமையே, இனி இரவு பஸ்ஸுக்கு வேறு கட்டணம் என்று சேர் சிரித்துக்கொண்டு வந்து நின்றார். நான் இஃப் எல்ஸ் (இப்படியானால் இது, இல்லாவிட்டால் அது) அடுக்கி எழுதியவன், ஏழு இடத்தில் கை வைக்க வேண்டியிருந்தது, அதில் ஒன்றை மறந்து சீசன்காரருக்கு இரண்டு தரம் காசு அறவிட்டேன். இன்டர்ஃபேஸ் (என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லி, எப்படி என்பதை ஒவ்வொரு கிளாஸிடமும் விடும் ஒப்பந்தம்) வைத்து எழுதிய பிள்ளை ஒரு கிளாஸை மட்டும் சேர்த்துவிட்டு ரீ குடிக்கப் போய்விட்டாள். இப்படி மாறும் கணக்கைத் தனித்தனிக் கிளாஸாகப் பிரித்து வைக்கும் ஸ்ட்ராட்டஜி பேட்டர்னைப் பற்றி ஸ்லைடில் எத்தனை தரம் காட்டியிருந்தாலும் எனக்கு அது இந்த அளவுக்கு ஏறியிருக்காது.

குறைக்கு வருகிறேன். பரீட்சை முழுக்கப் பேப்பரில். கம்பைலர் (கோடைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் மென்பொருள்) ஒரு நொடியில் சொல்லித்தரும் செமிகோலனுக்குப் புள்ளி வெட்டுகிறார்கள், இது மேல்நிலைப் பாடநெறியா, எழுத்துப் பயிற்சியா? யூனிட் டெஸ்ட் (கோடின் ஒவ்வொரு துண்டையும் தனியாகச் சோதிக்கும் கோட்) எழுதுவதற்கு ஒரே ஒரு வகுப்பு, அதுவும் கரண்ட் போய்ப் பாதியில் நின்றது, திரும்ப வைக்கவே இல்லை. அத்தோடு ஜாவா அடிப்படை தெரிந்திருக்க வேண்டும் என்று விளம்பரத்தில் எங்கேயும் போடவில்லை. ஏ.எல். முடித்த கையோடு வந்து காசு கட்டிய இரண்டு பேர் நாலாம் கிழமை நின்றுவிட்டார்கள், காசு திரும்பக் கிடைக்கவில்லை.

ஒரு வருடமாவது கோட் எழுதி, தன் பழைய கோடைத் தானே திறக்கப் பயப்படுகிறவர் தாராளமாகச் சேரலாம். மற்றவர்கள் முதலில் அடிப்படையைப் படித்துவிட்டுப் போங்கள். பின்வரிசையில் பிளக் கிடையாது, லப்டொப் கொண்டு போகிறவர்கள் நேரத்தோடு போய் முன்னுக்கு இடம் பிடிக்கவும்.