அம்மாவின் எழுபதுக்கு எங்கே சாப்பிடலாம்: பார்டரா, வீடா, ஹோட்டலா?

ஆனி மாதம் அம்மாவுக்கு 70 முடிகிறது. நல்ல ஸ்டார் ஹோட்டலில் வைக்கலாம் என்கிறான் சென்னையில் இருக்கும் தம்பி. தென்காசி அண்ணனுக்குக் குற்றாலத்தில் குளித்துவிட்டு செங்கோட்டை பக்கம் பிரானூர் பார்டர் புரோட்டாக் கடையில் சாப்பிட வேண்டும். மதினிக்கோ வீட்டிலேயே தவசிப்பிள்ளையை (சமையல்காரரை) வைத்துச் சொதிச் சாப்பாடு போட ஆசை. அம்மாவைக் கேட்டால், "எங்க வச்சா என்னட்டி, எல்லாரும் வந்தாச் சரி" என்பதோடு முடிந்தது. நான் பாளையங்கோட்டையில் இருப்பதால் இடம் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பார்டர் கடையை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். ருசியில் குறையில்லை. சின்னச் சின்னப் புரோட்டாவை இலையில் பிய்த்துப் போட்டு, மேலே சால்னா ஊற்றி, நாட்டுக்கோழியோடு சாப்பிடுவதற்கென்றே செங்கோட்டை வரைக்கும் போகலாம். ஆனால் ஆனி, ஆடி என்றால் சீசன் கூட்டம். நாம் கை கழுவும் முன்பே அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். அம்மா கறி சாப்பிட மாட்டாள், முழங்கால் வலியோடு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காரில் உட்காரவும் முடியாது. அண்ணன் பிள்ளைகளோடு இன்னொரு நாள் போய்க்கொள்ளட்டும்.

உண்மையான போட்டி வீட்டுக்கும் ஹோட்டலுக்கும்தான்.

மதினி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் மறுவீட்டுச் சாப்பாடு என்றாலே சொதிதான். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் எல்லாம் தண்ணியான தேங்காய்ப்பாலில் வெந்து, கடைசியில் கெட்டியான முதல் பால் சேரும். தேங்காய்ப்பால் வயிற்றில் மந்தம் தட்டாமல் இருக்கப் பக்கத்திலேயே இஞ்சித் துவையல், கூட உருளைக்கிழங்கு சிப்ஸ். எந்த ஹோட்டல் மெனு அட்டையும் இதற்கு ஈடாகாது.

ஆனாலும் வீடு வேண்டாம் என்றே நினைக்கிறேன். வீட்டில் நடந்த எந்த விசேஷத்திலும் அம்மா முதல் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தவசிப்பிள்ளை வந்தாலும் தேங்காய் எத்தனை, இலை காணுமா, வந்தவர்களுக்குக் காப்பி போச்சா என்று அடுக்களைக்கும் பட்டாசாலைக்கும் நடந்துகொண்டே இருப்பாள். எல்லாரும் சாப்பிட்டு முடித்து, சொதி ஆறி, அப்பளம் நமுத்த பிறகுதான் அவள் இலை விழும். எழுபதாவது பிறந்தநாளிலும் அப்படி நடக்க நான் சம்மதிக்க மாட்டேன். அவள் எழுந்து போக அடுக்களை இல்லாத இடம் வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே தம்பி பக்கம் சாய்ந்தேன்.

சரி, ஹோட்டல் என்றால் எப்படிப்பட்டது? போன வருஷம் தம்பி மகன் பிறந்தநாளுக்கு ஒரு ஹோட்டலுக்குப் போனோம். விளக்கை அணைத்து, பாட்டைச் சத்தமாக வைத்தார்கள். பிள்ளைகள் குதித்தார்கள், அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். பதினைந்து பேருக்கும் ஒரே நீள மேசை. ஓரத்தில் இருந்த அம்மாவுக்குப் பக்கத்து மூன்று பேர் பேச்சைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. அதனால் இந்த முறை வண்ணார்பேட்டைப் பக்கம் இரண்டு ஹோட்டல்களை நேரில் போய்ப் பார்த்தேன், அதுவும் சாப்பாட்டு நேரத்தில். ஆள் இல்லாத நேரத்தில் எல்லா இடமும் அமைதியாகத்தான் இருக்கும்.

முதல் ஹோட்டலில் அலங்காரம் பிரமாதம். ஆனால் சோபா பள்ளமாக இருந்தது. அம்மாவால் ஆள் பிடிக்காமல் எழுந்திருக்க முடியாது. இரண்டாவதில் கைப்பிடி வைத்த உயரமான நாற்காலிகள், தனி அறை, இரண்டு வட்ட மேசை. வட்ட மேசையில் எல்லார் முகமும் அம்மாவுக்குத் தெரியும்.

பஃபேயா, மேசைக்கே பரிமாறுவதா என்பது அடுத்த கேள்வி. முழங்கால் வலிக்காரி தட்டோடு வரிசையில் நிற்பது சரியில்லை. மேசைக்கே வருவதில் தாமதம் உண்டு. சூப், ஸ்டார்ட்டர் என்று ஒவ்வொன்றாக வந்து சோறு வர இரண்டு மணியாகிவிட்டால், சர்க்கரை மாத்திரை போட்டவர்களுக்கு ஆகாது. ஆகவே பதார்த்தங்களை முதல் நாளே சொல்லி வைத்து, ஒரு மணிக்குச் சோறு என்று பேசிக்கொண்டேன்.

அப்போதுதான் சமையல் மாஸ்டரிடம் சொதி செய்ய முடியுமா என்று கேட்டேன். இரண்டு நாள் முன்னால் சொன்னால் செய்யலாம், ஆனால் பஃபேயில் வைக்க மாட்டேன் என்றார். சரியான பதில். முதல் பால் ஊற்றி நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் சூடு ஏறினால் பால் திரிந்துவிடும். கீழே தீ எரியும் பஃபே பாத்திரத்தில் ஒரு மணி நேரம் வைத்தால் சொதி சொதியாக இருக்காது. எலுமிச்சையும் இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும். இதெல்லாம் தெரிந்த மாஸ்டரை நம்பலாம் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பில்லைப் பற்றி. பொதுவாக உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டல்களில் 18 சதவீதம். 12,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் வரி 5 சதவீதத்தில் 600, 18 சதவீதத்தில் 2,160. முன்பணம் கொடுக்கும் முன்பே எந்த வரி என்று கேட்டுவிடுங்கள். சர்வீஸ் சார்ஜ் வேறு விஷயம். அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. போன வருஷம் இதைக் கவனிக்காமல் கட்டிவிட்டோம். இந்த முறை அந்தப் பணம் பரிமாறுகிற பிள்ளைகள் கைக்கு நேராகப் போகட்டும்.

கேக் பிள்ளைகளுக்காகச் சின்னதாக ஒன்று போதும். அம்மாவுக்கு ஒரு வாய் அல்வாதான் இனிப்பு. நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், மதியச் சாப்பாட்டுக்கு ஆகாது. ஆனித் தேரோட்டம் நெருங்கினால் டவுனுக்குள் கார் நகராது என்பதால், முந்தின நாள் பஸ்ஸில் போய் வாங்கி வரச் சொல்லி அத்தானிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.