மூன்று வருட வெள்ளிக்கிழமைகளும் கேஜன் பார்சலும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் அடுப்புக்கு லீவு. ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே சுகர் லேண்டில் இருக்கிறோம். கார் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மீன் கடையோ, பக்கத்து லூசியானா மாநிலத்துச் சமையலான கேஜன் கடையோ கண்ணில் படும். 2023 வசந்தத்தில் தொடங்கிய பழக்கம், இதுவரை ஏழெட்டுக் கடை மாறியாயிற்று. எல்லாமே கவுன்ட்டரில் பெயரைச் சொல்லிப் பையை வாங்கிக்கொண்டு கிளம்புகிற ரகம். கடைகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சமையல்காரர் மாறினால் அந்தக் கடையே வேறு கடையாகிவிடுகிறது. எது வீடு வந்து சேரும்வரை தாங்கும், எது வழியிலேயே உயிரை விடும் என்று சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் காசு மிஞ்சும்.

வழியில் உயிரை விடுவதில் முதலிடம் போபாய்க்கு. சோளமாவு தடவிப் பொரித்த இறாலை நீள ரொட்டிக்குள் அடைத்துத் தருவது. 1929-இல் நியூ ஆர்லியன்ஸ் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அந்த ‘ஏழைப் பையன்களுக்கு’ (புவர் பாய்) இலவசமாகக் கொடுத்ததால் வந்த பெயர் என்பார்கள். கடை வாசலிலேயே நின்று தின்றால் அருமை. தெர்மாகோல் டப்பாவில் மூடி இருபது நிமிஷம் காரில் வந்த பிறகு திறந்து பார்த்தேன்: மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர், இறாலைக் கடித்தால் மாவு மட்டும் சட்டை மாதிரி தனியே கழன்று வருகிறது. ரயிலில் வாங்கிய ஆறிப்போன பஜ்ஜியை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் ரொட்டி தனி, சாஸ் தனி என்று கேட்டு வாங்கி, காரில் ஏறியதும் டப்பாவைத் திறந்து வைத்துவிடுகிறேன். கார் முழுக்க எண்ணெய் வாசனை, மனைவி முறைப்பாள். வீட்டில் ஏர் ஃபிரையரில் நான்கு நிமிஷம். அப்படியும் போன மொறுமொறுப்பில் முக்கால்வாசிதான் திரும்பும். பொரித்த கெளுத்தி இறாலைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. உருளை வறுவலை வாங்குவதை விட்டே வருஷம் இரண்டாகிறது.

பார்சலுக்கென்றே பிறந்தது கம்போ என்கிற கெட்டிக் குழம்பு. மாவை எண்ணெயில் போட்டு, கருகுவதற்கு ஒரு நொடி முன்பு வரை, சாக்லேட் நிறம் வர வறுக்கிறார்கள். அதில் வெங்காயம், செலரி, குடைமிளகாய். கெட்டிப்பட வெண்டைக்காயோ, சசஃப்ராஸ் மர இலையைப் பொடித்த ஃபிலேயோ சேர்க்கிறார்கள். கம்போ என்ற சொல்லே வெண்டைக்காய்க்கு ஆப்பிரிக்காவில் வழங்கிய பெயரிலிருந்து வந்ததாம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, “வெண்டைக்காய்க் குழம்புல புளி ஊத்த மறந்துட்டானுங்களாடா?” என்றார். ஆனால் மறுநாள் காலையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சிறுதீயில் சூடு பண்ணி, முதலில் கிண்ணத்தைக் காலி பண்ணியதும் அவர்தான். மீன் குழம்பு கதையேதான், ஒரு ராத்திரி ஊறினால்தான் ருசி. சோற்றை மட்டும் தனி டப்பாவில் கேளுங்கள், கலந்து கொடுத்தால் வீடு வருவதற்குள் களியாகிவிடும். இன்னொன்று, கடல் உணவு கம்போ என்று எழுதியிருந்தாலும் பல கடைகளில் பன்றி சாசேஜ் உள்ளே கிடக்கும். சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. டர்ட்டி ரைஸ் என்கிற மசாலாச் சோற்றில் ஈரல் இருக்கும், ‘பூதான்’ (boudin) என்றால் பெரும்பாலும் பன்றியும் சோறும் அடைத்த சாசேஜ்.

சரி, கிராஃபிஷுக்கு வருவோம். விரல் நீளத்தில் சிங்கி இறாலின் குட்டி மாதிரி இருக்கும். ஜனவரி கடைசியில் எட்டிப்பார்த்து, மார்ச் முதல் மே வரை கொழுத்து, ஜூனில் முடிந்துவிடும். லூசியானாவில் நெல் வயலில் தண்ணீர் கட்டி வளர்க்கிறார்கள் என்றதும், நாகப்பட்டினத்துக்காரரான அம்மா, “அப்ப வயல் நண்டுன்னு சொல்லு” என்று முடித்துவிட்டார். கோடையில் மண்ணுக்குள் வளை தோண்டிப் பதுங்குகிற ஜீவன். 2023 கோடை வறட்சியில் மண் இறுகி வெடித்ததில் வளைக்குள்ளேயே ஏராளமாகச் செத்தன. 2024 மார்ச்சில் லூசியானா ஆளுநர் இதற்காகப் பேரிடர் அறிவிப்பே செய்தார். அந்த வசந்தம் பூராவும் இங்கே கரும்பலகையில் விலை இருக்க வேண்டிய இடத்தில் ‘கேட்டுத் தெரிந்துகொள்ளவும்’ என்று இருந்தது. கேட்டேன், கம்போ வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஹூஸ்டனின் விசேஷம் வியட்நாம் பாணிக் கிராஃபிஷ். 1975-க்குப் பிறகு அகதிகளாக வந்து வளைகுடாக் கரையில் குடியேறிய வியட்நாமியர் வழியாக வந்தது. லூசியானா முறையில் மசாலாவை வேகும் தண்ணீரிலேயே போட்டு ஊறவைப்பார்கள். ஹூஸ்டனின் பெல்லேர் சாலையிலுள்ள வியட்நாமியர் கடைகளில் வெந்து எடுத்த பிறகும் பூண்டும் வெண்ணெயும் போட்டுப் புரட்டுகிறார்கள். சூட்டோடு தின்றால் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் பார்சலில் சிக்கல் இருக்கிறது: கடைசிக் கைப்பிடிக்கு வருவதற்குள் வெண்ணெய் உறைந்து, மெழுகு பூசிய மாதிரி ஓட்டில் ஒட்டிக்கொள்கிறது. பத்து நிமிஷத்துக்கு மேல் ஓட்ட வேண்டியிருந்தால் லூசியானா முறையில் வேகவைத்ததையே வாங்குவேன். பையின் முடிச்சைக் கடையிலேயே அவிழ்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆவியிலேயே மேலும் வெந்து சதை ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பையின் அடியில் கிடக்கும் உருளைக்கிழங்கை உஷாராகத் தொடுங்கள். மசாலா முழுக்க அதில்தான் இறங்கியிருக்கும், ‘மைல்ட்’ வாங்கினாலும் கிழங்கு ‘ஹாட்’.

அளவு விஷயத்தில் முதல் தடவை ஏமாந்தேன். மூன்று பவுண்டு வாங்கி இரண்டு பேருக்குப் போதும் என்று நினைத்தேன். உரித்தால் தேறுவது எடையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். ஆளுக்கு மூன்று பவுண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை ஒரு கடையில் வாங்கிய பையில் பாதிக்குப் பாதி சதை மாவு மாதிரி கரைந்தது, வேகவைக்கும் முன்பே செத்துப்போனவை. வால் சுருளாமல் நேராக இருந்தால் செத்தது என்று இங்கே சொல்வார்கள், அதை நான் நம்புவதில்லை. பானையில் நெருக்கியடித்து வேகவைத்தாலும் வால் நேராகத்தான் நிற்கும். விரலில் கரைகிற சதைதான் சாட்சி. போன் பண்ணினேன், பணத்தைத் திருப்பித் தந்தார்கள். அந்தப் பக்கம் அப்புறம் போகவில்லை.

டெலிவரி ஆப்பில் இரண்டு முறை வாங்கிப் பார்த்து விட்டுவிட்டேன். ஆப்பில் விலையே கூடுதல், அதன்மேல் 8.25 சதவீத வரி, கட்டணம், டிப்ஸ். வருகிறவர் வழியில் இன்னொரு வீட்டுக்கும் போய்விட்டு வருவார். நேரில் போவதிலும் ஒரு கண்ணி உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர்கள் இறைச்சி தொடமாட்டார்கள், மீன் வகைகள்தான்; கிராஃபிஷ் உச்சமும் அப்போதுதான். ஆறரைக்குப் போய் ஐம்பத்தைந்து நிமிஷம் வரிசையில் நின்றிருக்கிறேன். இப்போது ஐந்து மணிக்கே ஆபீஸிலிருந்து நழுவிவிடுகிறேன்.

அம்மா ஊருக்குக் கிளம்பும் முன்பு கடைசியாக ஒரு ஆறு பவுண்டுப் பை வாங்கினோம். பழைய செய்தித்தாளை மேஜையில் விரித்துக் கொட்டினேன். யாரும் சொல்லித்தராமலே ஒவ்வொரு தலையையும் திருகி எடுத்து உறிஞ்சிவிட்டு, ஓட்டைத் தன் பக்கம் வரிசையாக அடுக்கினார். ஐந்து வருஷமாக இங்கே இருக்கிற நான் அதுவரை தலையைக் குப்பையில்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.