முகத்துக்கு ஏற்ற தொப்பி என்று சொல்லி 6,619 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள்

பார்சல் வந்து பதினோரு நாள் ஆகிறது. நேற்று மாலை வரை பொறுமையாகத்தான் இருந்தேன். நேற்று தொப்பி விற்றவர்களின் எண்ணிலிருந்து கடைசியாக ஒரு செய்தி வந்தது: அடுத்த முறை வாங்கும்போது எனக்கு 300 ரூபாய் தள்ளுபடியாம். அடுத்த முறை! பதில் எழுதுவதற்குள் என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். எந்த முகத்துக்கு எந்தத் தொப்பி பொருந்தும் என்று இந்தச் சில நாளில் நான் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதையும் கீழே சொல்கிறேன். முதலில் 6,619 ரூபாய் போன கதையைக் கேளுங்கள்.

நான் திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பத்தொன்பது ஆண்டுகளாக மைதானத்து வெயிலில் நிற்கிறேன். இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்துவிட்டது. தோல் மருத்துவர் களிம்பை எழுதிக் கொடுத்துவிட்டு, "இது பாதி மருந்து, நிழல்தான் மீதி. சுற்றிலும் மூன்று அங்குலமாவது விளிம்பு உள்ள தொப்பி இல்லாமல் மைதானத்தில் இறங்காதீர்கள்" என்றார். கிரிக்கெட் தொப்பி போட்டுக்கொண்டுதானே நிற்கிறேன் என்றேன். அது நெற்றிக்கும் மூக்குக்கும்தான் குடை, கன்னமும் காதும் பிடரியும் வெயிலில்தான் கிடக்கின்றன என்றார்.

மருத்துவர் சொல்லிவிட்டார். போட்டுக்கொள்ளப் போகிறவள் நான் அல்லவா? நம் ஊரில் ஒரு பெண் அகல விளிம்புத் தொப்பியோடு தெருவில் நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஊட்டிக்குப் போகிற பெண்கள் ஆசையாக ஒன்று வாங்கிப் போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். மேட்டுப்பாளையம் வந்து இறங்குவதற்குள் அது பைக்குள் போயிருக்கும். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோ பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள். கொடைக்கானல் டீச்சர் என்று ஆரம்பித்தால் நான் ஓய்வு பெறும் வரை நிற்காது. போடுகிறதுதான் போடுகிறோம், சிரிப்புக்கு இடம் இல்லாமல் முகத்துக்குப் பொருந்துகிற ஒன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இந்த ஆசைதான் தூண்டில் முள்ளில் போய் மாட்டியது.

படம் பகிரும் தளம் ஒன்றில் விளம்பரம் வந்தது. தெருவில் கடை என்று எதுவும் கிடையாது. அழகான படங்கள் நிறைந்த ஒரு பக்கம், செய்தி அனுப்ப ஓர் எண், அவ்வளவுதான். முடியை இழுத்துக் கட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் நேராகப் பார்த்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், முகத்தை அளந்து உங்களுக்கென்றே தொப்பி செய்து தருகிறோம் என்று போட்டிருந்தது. முக ஆய்வுக்கு 499 ரூபாய். அனுப்பினேன்.

அன்று இரவு எட்டரை மணிக்கு ஒரு பெண் அழைத்தாள். இளம் குரல். எடுத்த எடுப்பில் அக்கா என்றாள்.

"உங்களுடையது வட்ட முகம் என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள், இல்லையா அக்கா?"

ஆமாம், அப்படித்தான் சொல்வார்கள் என்றேன்.

"இல்லவே இல்லை. நெற்றியும் கன்ன எலும்பும் அகலம், மோவாய் ஒடுக்கம். இதய வடிவம். நூற்றில் ஒருவருக்குத்தான் அமையும்."

எனக்கு நாற்பத்தாறு வயது. என் முகத்தை நிதானமாக ஒருவர் பார்த்து எத்தனை காலம் ஆகிறது? மருத்துவர் கறுத்த இடத்தை மட்டும் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். வீட்டுக்காரர் செய்தித்தாளைப் பார்க்கிறார். இவளோ நெற்றி, எலும்பு, மோவாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறாள், மங்கு பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கே பொறுக்கவில்லை. "கன்னத்தில் கறுப்பாக இருக்கிறதே, படத்தில் தெரியவில்லையா?" என்று கேட்டேன். "எனக்கு உங்கள் கண்தான் அக்கா முதலில் தெரிந்தது" என்றாள்.

விழுந்தது அங்கேதான். அதற்குப் பிறகு அவள் என்ன விலை சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

தொப்பி 5,290. ஈக்வடார் நாட்டில் கையால் முடைந்த அசல் பனாமாத் தொப்பியாம். என் தலை அளவு அச்சில் ஏற்றிச் செய்ய 650. அனுப்பும் செலவு 180. ஏற்கெனவே கட்டிய 499. கூட்டிப் பாருங்கள், 6,619 ரூபாய். விடுதியில் இருக்கும் மகள் போனில், "பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுக்க முடியுமா என்று கேள் அம்மா" என்றாள். கேட்டேன். "உங்கள் தலைக்கென்றே செய்வதை வேறு யாருக்கு அக்கா விற்க முடியும்?" என்று சிரித்தாள். நியாயம்தானே என்று எனக்குப் பட்டது. யூபிஐயில் அனுப்பும்போது திரையில் கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஓர் ஆளின் பெயர்தான் வந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டும் அனுப்பினேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பணம் அனுப்பிய பதினான்காம் நாள் பார்சல் வந்தது. அட்டைப் பெட்டி கூட இல்லை. துணிக்கடைப் பிளாஸ்டிக் உறையில் நாலாக மடித்துத் திணித்திருந்தார்கள். பிரித்ததும் பசை நாற்றம். என் தலைச் சுற்றளவு 57 செ.மீ.; உள்ளே ஒட்டியிருந்த சீட்டிலும் 57 என்றுதான் இருந்தது. டேப் வைத்துப் பார்த்தால் 54½. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். குடத்தின் மேல் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்தது போல இருந்தது. விளிம்பு மூன்றரை அங்குலம் வேண்டும் என்று எழுதியே அனுப்பியிருந்தேன். வந்தது இரண்டு. கன்னத்துக்கு நிழல் எங்கே? வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். அவர் சிரித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

மறுநாள் விளிம்பில் பிசிறு தட்டியிருந்த ஓர் இழையை இழுத்துத் தண்ணீரில் நனைத்தேன். நார் என்றால் நாராகவே இருக்க வேண்டும். இது மெல்ல முறுக்கு விட்டு, பட்டையாக விரிந்து, கையோடு கிழிந்து வந்தது. காகிதம். 5,290 ரூபாய்க்குக் காகிதம்.

பணம் போன பிறகு வந்தது படிப்பு. பெயரில்தான் பனாமா இருக்கிறது, தொப்பி பிறந்த இடம் ஈக்வடார். அங்கே செய்து பனாமா வழியாக வெளியூர்களுக்குப் போனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1906-ல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பனாமா கால்வாய் வேலையைப் பார்க்கப் போனபோது அந்தத் தொப்பியோடு எடுத்த படம் பெயரை இன்னும் பரப்பிவிட்டது. தொக்கியா என்று ஒரு செடி. பார்க்கப் பனை போல இருக்கும். அதன் குருத்தோலையைக் கிழித்து, வேகவைத்து, உலர்த்தி முடைகிறார்கள். ஈக்வடாரின் மோந்தெகிறிஸ்தி ஊரின் மிக நுண்ணிய தொப்பி ஒன்றை முடிக்க மாதக் கணக்கில் ஆகும். 2012-ல் யுனெஸ்கோ இந்த முடைதலை மனித குலத்தின் மரபுச் செல்வங்கள் பட்டியலில் சேர்த்தது. நம் பக்கத்து ஓலைப்பெட்டி முடைகிற கைகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்: உச்சியில் நடுவில் தொடங்கி வட்டம் வட்டமாக வெளியே வளரும், எங்கும் தையல் இருக்காது. எனக்கு வந்ததிலோ உச்சியிலிருந்து விளிம்பு வரை தையல் மெஷினின் நூல் சுருள் சுருளாக ஓடுகிறது. மணப்பாட்டு ஓலை வேலையைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது அந்தப் பக்கத்துப் படத்தைப் பார்த்தபோதே தோன்றியிருக்க வேண்டும். கண்ணைப் புகழ்ந்தவள் கண்ணைக் கட்டிவிட்டாள்.

இனி அவர்கள் சொன்ன பதில்கள். முதல் நாள்: "பார்த்துச் சொல்கிறேன் அக்கா." இரண்டாம் நாள்: உறையைப் பிரித்ததை இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்தீர்களா? எடுக்கவில்லை. அப்படியென்றால் ஒன்றும் செய்ய முடியாது. நான்காம் நாள்: பத்து நாள் போட்டால் தானே இளகிக்கொள்ளும். காகிதம் எப்படி அம்மா இளகும்? ஐந்தாம் நாள்: இதய வடிவ முகத்துக்கு இரண்டு அங்குல விளிம்புதான் அழகு, எங்கள் நிபுணர் யோசித்துத்தான் குறைத்திருக்கிறார். ஏழாம் நாள் அக்கா போய் "அன்பு வாடிக்கையாளரே" வந்தது: தனி அளவில் செய்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை. எந்தத் தனி அளவு? 54½ யாருடைய தலை? எட்டாம் நாள் வீட்டுக்காரர் எண்ணிலிருந்து அழைத்தேன். "சொல்லுங்கள் அண்ணா" என்று அதே தேன் குரல். நான்தான் என்றதும் அழைப்பு அறுந்தது.

இதற்கு நடுவில் இன்னொன்று. என் பேச்சை நம்பி எங்கள் கணக்கு ஆசிரியையும் 499 ரூபாய் கட்டியிருந்தார். அவருடைய முகம் நீளம், தாடை நல்ல சதுரம். அவருக்கு வந்த அறிக்கையை ஓய்வறையில் என்னுடையதோடு வைத்துப் பார்த்தோம். அவருக்கும் இதய வடிவமாம், நூற்றில் ஒருவராம். இரண்டிலும் கன்னம் 'கண்ணம்' என்று ஒரே பிழையோடு இருக்கிறது. அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அந்த 499-ஐ நான் கொடுத்துவிட்டேன். அதை 6,619-ல் சேர்க்கவில்லை.

வங்கிக்குப் போனேன். நீங்களாகத்தான் அனுப்பியிருக்கிறீர்கள், பொருளும் வந்திருக்கிறது, இது வியாபாரத் தகராறு என்றார்கள். இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் பதிந்தேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். இணைய வணிகத்துக்கு 2020-ல் வந்த விதிப்படி குறை தீர்க்கும் அதிகாரியின் பெயரைப் பக்கத்தில் போட வேண்டும், புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்தப் பக்கத்தில் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, நாம் வசிக்கிற ஊரிலேயே போடலாம். போடத்தான் போகிறேன். எதிர்த்தரப்பு முகவரி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

தொப்பி பற்றிச் சொல்கிறேன் என்றேன். மணி பதினொன்றாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முக வடிவத்துக்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். கண்ணாடி முன் நின்று, நெற்றி, கன்னம், தாடை மூன்றில் எது அகலம், முகம் எவ்வளவு நீளம் என்று டேப்பால் பார்த்தாலே போதும். வட்ட முகமென்றால் உயரமான கூடும் (தலை நுழைகிற மேல் பகுதி) மடிப்பும் உள்ள தொப்பி, நீள முகமென்றால் தாழ்ந்த கூடும் அகல விளிம்பும், சதுரத் தாடைக்கு வளைந்த விளிம்பு. தொப்பியின் கூடு கன்ன எலும்பை விடக் குறுகலாக இருந்தால் எந்த முகமும் பூசணிக்காய்தான். தலை அளவைக் காதுக்கு மேலே, புருவத்துக்கு ஒரு விரல் மேலே எடுங்கள்; கொண்டை போடுகிறவர்கள் கொண்டையோடு எடுங்கள். கடையில் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஆளின் பெயருக்குப் பணம் அனுப்பாதீர்கள். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள்.

நாளைக் காலை ஏழரைக்கு விளையாட்டு விழா ஒத்திகை. ஒரு கையில் குடை, வாயில் விசில் என்று நிற்கப் போகிறேன்.

இன்னொன்று விட்டுப்போயிற்று. முடியை இழுத்துக் கட்டி, ஜன்னல் வெளிச்சத்தில், இரண்டு கன்னமும் தெரிய எடுத்த அந்தப் படம் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. 6,619 ரூபாயைக் கூட விடுங்கள், அதை அழித்துவிடுங்கள் என்று மூன்று முறை எழுதினேன். அதற்கு மட்டும் எந்தப் பதிலும் வரவில்லை.