ஜெர்மனியில் நம்ம ஊர் லைசென்ஸ்: ‘உம்ஷ்ரைபுங்’ சேவை எப்படி?

நாகர்கோவிலில் எடுத்த டி.என்.74 ஆனாலும் மார்த்தாண்டத்தில் எடுத்த டி.என்.75 ஆனாலும், ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து அதன் ஆயுள் ஆறு மாதம். மொத்தமே ஒரு வருடத்துக்குள் திரும்பிவிடுவேன் என்று நிரூபித்தால் இன்னும் ஆறு மாதம் வரை நீட்டித் தருவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் தங்கி வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த வழி கிடையாது. ஆறு மாதம் முடிந்த மறுநாள் அதே லைசென்ஸை வைத்து ஓட்டினால், அது சாதாரண ஃபைன் கட்டிவிட்டு வருகிற விஷயம் இல்லை. ‘லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது’ என்ற குற்ற வழக்கு. ஒரு வருடம் வரை சிறைக்கு இடமுள்ள சட்டப்பிரிவு. வேலை விசாவில் இருக்கிறவர் இதில் மாட்டவே கூடாது.

நம் மாவட்டத்திலிருந்து நர்ஸ் வேலைக்கும் படிப்புக்கும் போகிற பிள்ளைகளுக்கு இந்த ஆறு மாதம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். வேலை கிடைப்பது பலருக்கும் சிறு ஊர் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும்தான். காலை ஆறு மணி டூட்டிக்கு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை, பஸ் இருக்காது. அப்போதுதான் லைசென்ஸ் ஞாபகம் வரும்.

இந்திய லைசென்ஸை ஜெர்மன் லைசென்ஸாக மாற்றும் நடைமுறைக்கு அங்கே ‘உம்ஷ்ரைபுங்’ என்று பெயர். ‘மாற்றம்’ என்று கேட்டதும், பழைய கார்டைக் கொடுத்துப் புதுக் கார்டை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி நேரடியாக மாற்றித் தருவதற்கு ஒரு நாட்டுப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அந்த ‘இணைப்பு 11’-இல் இந்தியா இல்லை. ஆகவே எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் இரண்டுமே எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் நம் லைசென்ஸுக்கு என்ன மதிப்பு? நல்ல மதிப்பு இருக்கிறது. புதிதாகக் கார் படிக்கிற ஒருவர் அங்கே 90 நிமிட வகுப்பாக 14 வகுப்பு கட்டாயம் உட்கார வேண்டும். பிறகு ஊருக்கு வெளியே 5, அதிவேகச் சாலையில் 4, இருட்டில் 3 என்று 45 நிமிடம் வீதம் 12 சிறப்பு ஓட்டங்கள் கட்டாயம். இந்திய லைசென்ஸ் கையில் இருந்தால் இந்த 14-உம் தேவையில்லை, 12-உம் தேவையில்லை. ஒரு மணி நேரம் கூடப் படிக்காமல் நேரே தேர்வுக்குப் போகலாம் என்று சட்டம் இடம் தருகிறது. யூரோவில் கணக்குப் பார்த்தால் இது பெரிய தொகை. அந்த ஒரு சலுகைக்காகவே இந்தச் சேவை பயன்படுத்தத் தகுந்தது என்பது எங்கள் தீர்ப்பு. ஆனால் அதன் பாதி வேலை ஜெர்மனியில் இல்லை, விமானம் ஏறுவதற்கு முன் ஊரில் இருக்கிறது.

ஊரிலேயே முடிக்க வேண்டியவை

முதலில் பெயர். நம்மூரில் லைசென்ஸில் இனிஷியல் போட்டுப் பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். ஜெர்மன் அலுவலகத்தில் இருப்பவருக்கு இனிஷியல் என்ற பழக்கமே தெரியாது. இரண்டு கார்டையும் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடுவார். பொருந்தாவிட்டால் இருவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சொல்லிக் கடிதம் வரும். அதற்குள் வாரக்கணக்கில் ஓடிவிடும். லைசென்ஸ் சேவைகளுக்கான அரசின் ‘சாரதி’ இணையதளத்தில் லைசென்ஸில் பெயர் திருத்தும் சேவை இருக்கிறது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே திருத்திக்கொண்டு போவது நல்லது.

அடுத்தது காலாவதி தேதி. காலாவதியான லைசென்ஸைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மேலே சொன்ன சலுகை கேள்விக்குறியாகிவிடும். இப்போதைய விதிப்படி 30 வயதுக்குள் எடுத்த லைசென்ஸ் 40 வயது வரை. 30-இலிருந்து 50-க்குள் எடுத்தால் 10 வருடம். காலாவதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். 40 தாண்டியவர்களுக்குப் படிவம் 1ஏ மருத்துவச் சான்று வேண்டும். கார்டு இப்போது விரைவு அஞ்சலில் வீட்டுக்குத்தான் வருகிறது. டிக்கெட் போட்ட பிறகு கடைசி வாரத்தில் விண்ணப்பித்தால் நீங்கள் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறியபின்தான் தபால்காரர் கதவைத் தட்டுவார். குறைந்தது இரண்டு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். பழைய லேமினேஷன் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் அப்படியே ஸ்மார்ட் கார்டாக மாற்றிக்கொள்ளலாம். மங்கிய எழுத்தை எந்த மொழிபெயர்ப்பாளராலும் படிக்க முடியாது.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி, அதாவது ஐ.டி.பி., சாரதி தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். படிவம் 4ஏ, அரசுக் கட்டணம் 1000 ரூபாய், ஆயுள் ஒரு வருடம். அது தனியான லைசென்ஸ் இல்லை. மூல லைசென்ஸ் கூடவே இருந்தால்தான் அதற்கு உயிர். ஜெர்மனியில் ஆறு மாதக் கெடுவை ஐ.டி.பி. ஒரு நாள் கூட நீட்டாது. ‘ஐ.டி.பி. ஒரு வருஷம் செல்லும், அதனால ஒரு வருஷம் ஓட்டலாம்ணே’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. நம்பி ஓட்டினால் வழக்கு ஓட்டியவர் மேல்தான் வரும்.

இன்னொரு கண்ணி. ஜெர்மனியில் குடியேறியபின், லீவில் ஊருக்கு வந்த இடத்தில் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு போகலாம் என்ற எண்ணம் வேண்டாம். லைசென்ஸ் கொடுக்கப்பட்ட நாளில் உங்கள் குடியிருப்பு ஜெர்மனி என்றால் அந்த லைசென்ஸை அவர்கள் ஏற்க மாட்டார்கள். எல்.எல்.ஆர்.-உம் கணக்கில் வராது. ஓட்டத் தெரிந்தும் லைசென்ஸ் எடுக்காமல் இருக்கிற பிள்ளைகள், விசா வேலை தொடங்கும்போதே இதையும் தொடங்கிவிட வேண்டும். டூவீலருக்கு மட்டும் லைசென்ஸ் வைத்துக்கொண்டு போனால் காருக்கு உதவாது, கார் ஓட்டுவதற்கான எல்.எம்.வி. இருந்தால்தான் அங்கே காருக்கான ‘பி’ வகுப்பு.

அங்கே போனதும்

முகவரிப் பதிவு முடிந்தவுடன், முதல் மாதத்திலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். கேட்கும் காகிதங்கள்: பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அனுமதியும், முகவரிப் பதிவுச் சான்று, பயோமெட்ரிக் போட்டோ, மூல லைசென்ஸ், அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பு, கண் பரிசோதனைச் சான்று, முதலுதவி வகுப்புச் சான்று. கண்ணாடிக் கடையிலேயே கண் பரிசோதனை முடிந்துவிடும். பத்து நிமிட வேலை, பத்து யூரோ கூட ஆகாது. முதலுதவி 45 நிமிடம் வீதம் 9 பாடவேளை, ஒரே நாளில் முடிப்பார்கள். நர்சிங் படித்தவர்கள் தங்கள் சான்றையே ஏற்பார்களா என்று அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். ஏற்றால் ஒரு நாள் மிச்சம். மொழிபெயர்ப்பை ஏ.டி.ஏ.சி. என்ற வாகன ஓட்டிகள் சங்கம் செய்து தருகிறது, உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரும் செய்யலாம். யாருடையது வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். அதனால் ஊரில் நோட்டரியிடம் போட்டுக்கொண்டு போகும் மொழிபெயர்ப்புக்குச் செலவழிக்க வேண்டாம்.

விண்ணப்பத்திலேயே டிரைவிங் ஸ்கூல் பெயரைக் கேட்பார்கள். வகுப்பு கட்டாயம் இல்லாதபோது ஸ்கூல் எதற்கு என்று தோன்றும். தேர்வுக்கு இரட்டைப் பெடல் வைத்த ஸ்கூல் கார்தான் வேண்டும், பக்கத்தில் பயிற்றுநரும் உட்கார வேண்டும். சொந்தக் காரில் தேர்வு கிடையாது. ஸ்கூல் பிடிக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள்: லைசென்ஸ் மாற்ற வருகிறவர்களுக்கு அடிப்படைக் கட்டணம் எவ்வளவு, 45 நிமிட ஓட்டத்துக்கு எவ்வளவு, தேர்வு நாளுக்குத் தனியாக எவ்வளவு, ஓட்டுத் தேர்வுக்கு எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும். கட்டாய வகுப்புகளை உங்களிடமும் விற்கப் பார்க்கிற ஸ்கூலை விட்டுவிடலாம்.

இந்தச் சேவையின் பெரிய குறை இங்கேதான். விண்ணப்பம் பரிசீலனையாகித் தேர்வு உத்தரவு, தேர்வை நடத்தும் டியூவி அல்லது டெக்ரா அமைப்புக்குப் போய்ச் சேர ஒரு ஊரில் சில வாரம், இன்னொரு ஊரில் சில மாதம். ஆறு மாதக் கெடுவோ இந்தத் தாமதத்துக்காக நிற்பதில்லை.

எழுத்துத் தேர்வு தமிழில் இல்லை, இந்தியிலும் இல்லை, ஆங்கிலத்தில் உண்டு. 30 கேள்வி. தவறுக்குத் தக்கபடி 2 முதல் 5 வரை புள்ளி ஏறும். 10 புள்ளி வரை தாங்கும். ஆனால் 5 புள்ளிக் கேள்வி இரண்டு தவறினால், கூட்டுத்தொகை பத்தே ஆனாலும் தோல்வி. வீடியோ கேள்விகளை ஐந்து தடவைதான் ஓட்டிப் பார்க்கலாம், கேள்வி அதற்குப் பிறகுதான் திரையில் வரும். கேள்வி வங்கியில் ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது. அனுபவத்தை நம்பி உட்காராமல், தினமும் ஒரு மணி நேரம் வீதம் நான்கைந்து வாரம் செயலியில் படித்தால் போதும்.

ஓட்டுத் தேர்வில்தான் நம்மவர்கள் சறுக்குவது. 55 நிமிடத் தேர்வு. தேர்வாளர் பின் சீட்டில். ஆபத்து என்று பயிற்றுநர் பெடலைத் தொட்டால் அங்கேயே முடிந்தது. பார்வதிபுரம், வடசேரி, கோட்டாறு என்று எந்த நெரிசலிலும் வண்டியை நுழைத்து எடுக்கிற கைக்கு அங்கே மூன்று பழக்கம் புதிது.

ஒன்று, வலதுக்கு முதல் வழி. பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிற வண்டிக்குத்தான் உரிமை, அது எவ்வளவு சின்னச் சந்தாக இருந்தாலும். நாம் போகிற ரோடு அகலமாக இருக்கிறது என்பது கணக்கே இல்லை. 30 கிலோமீட்டர் மண்டலங்களில் ஐம்பது மீட்டருக்கு ஒரு சந்து வரும். ஒவ்வொன்றிலும் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்து, பிரேக் மேல் வைத்து, தலையை வலப்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். யாரும் வராவிட்டாலும் தலை திரும்பியதா என்று தேர்வாளர் பார்ப்பார். நம்மூர் வளைவில் ஹாரன் அடித்து வழி கேட்பதுபோல் அங்கே அடித்தால் நேரே தவறு.

இரண்டு, தோள் பார்வை. கண்ணாடி பார்த்தால் போதாது. வலது பக்கம் திரும்பும் முன் தோளுக்கு மேலாகக் கழுத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க வேண்டும், ஏனென்றால் கண்ணாடியில் விழாத அந்த இடத்தில் சைக்கிள்காரர் நேராக வந்துகொண்டிருப்பார். ஒரு தடவை விட்டால் எச்சரிக்கை, சைக்கிள் இருக்கும்போது விட்டால் தோல்வி.

மூன்று, நிறுத்தக் கோடு. ‘ஸ்டாப்’ பலகையில் சக்கரம் முழுதும் நிற்க வேண்டும். ஊர்ந்து போனால் நின்றதாகக் கணக்கில்லை.

வலப்பக்கம் ஓட்டுவதை எல்லாரும் பயப்படுகிறார்கள். நேர்ச்சாலையில் அது இரண்டு நாளில் பழகிவிடும். தவறு நடப்பது பெட்ரோல் பங்கிலிருந்தும் பார்க்கிங்கிலிருந்தும் காலியான ரோட்டுக்குள் இறங்கும்போது. முன்னால் வண்டி எதுவும் இல்லாவிட்டால் கை தானாகவே இடப்பக்கம் போகும்.

ஆகவே வகுப்பு கட்டாயம் இல்லை என்றாலும் எட்டு முதல் பதினைந்து ஓட்டம் எடுப்பதே லாபம். ஒரு ஓட்டத்துக்கு ஏறத்தாழ 55 முதல் 80 யூரோ ஆகலாம். தோற்றால் பொதுவாக இரண்டு வாரம் காத்திருந்து, தேர்வுக் கட்டணமும் ஸ்கூல் கட்டணமும் மறுபடி கட்ட வேண்டும். ஆட்டோமேடிக் காரில் தேர்வெழுதினால் லைசென்ஸில் 78 என்ற குறியீடு விழும். கியர் வண்டி ஓட்ட முடியாது. 2021 ஏப்ரலிலிருந்து வேறு வழி வந்திருக்கிறது. கியர் வண்டியில் 10 பாடம் எடுத்து, ஸ்கூலிலேயே 15 நிமிடச் சோதனை முடித்தால், தேர்வு ஆட்டோமேடிக்கில் இருந்தாலும் 197 குறியீட்டோடு இரண்டும் ஓட்டலாம்.

இங்கிலாந்துக்குப் போகிறவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குக் கெடு 12 மாதம், ரோட்டில் பக்கமும் நம் பக்கம்தான். அங்கும் இந்திய லைசென்ஸை நேரடியாக மாற்ற முடியாது. தற்காலிக லைசென்ஸ் எடுத்து, 50 கேள்வியில் 43-உம் ஆபத்து உணர்தல் பகுதியில் 75-க்கு 44-உம் வாங்கி, ஓட்டுத் தேர்வும் தேற வேண்டும். ஓட்டுத் தேர்வுக்குத் தேதி கிடைப்பதுதான் அங்கே தலைவலி.

‘தேர்வே இல்லாமல் ஐரோப்பிய லைசென்ஸ் வாங்கித் தருகிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிற எதற்கும் பணம் அனுப்பாதீர்கள். கார்டு போலி, வழக்கு மட்டும் நிஜமாக வரும்.

தேறியதும் ஜெர்மன் கார்டு கையில் வரும்போது இந்திய மூலக் கார்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். இதற்குப் பயப்பட வேண்டாம். சாரதியில் உள்ள பதிவு அதனால் ரத்தாவதில்லை. போகும் முன் லைசென்ஸை டிஜிலாக்கரில் இணைத்து, முன்பக்கமும் பின்பக்கமும் கலர் நகல் எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள். லீவில் வந்து தக்கலைக்கோ குளச்சலுக்கோ வண்டி எடுக்கும்போது டிஜிலாக்கரில் உள்ளதைக் காட்டினால் மூலக் கார்டுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்பது விதி. டிஜிலாக்கருக்கும் சாரதிக்கும் ஓ.டி.பி. வருவது ஊர் சிம்முக்குத்தான். அந்த நம்பரை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள்.