மொட்டை மாடியா, வெள்ளிக் கடற்கரை மணலா?

கருவிகள் இல்லாமல் உடலை இறுக்க நினைக்கும் கடலூர்க்காரருக்கு இரண்டு இடங்கள்: வீட்டு மொட்டை மாடி, தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை.

தண்டாலுக்கு மாடிதான். உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இறங்குகிறது; மணலில் உள்ளங்கை புதைந்து மணிக்கட்டு வளையும். மாடியில் முடியாதவர் கைகளைப் படியில் ஊன்றினால் சுமை குறையும். பழகியபின் கால்களைப் படியில் வைத்தால் கூடும். இப்படிச் சுமையை ஏற்றிக்கொண்டே போனால்தான் தசை வளரும். கடற்கரையில் படிக்கு எங்கே போவது?

ஓட்டத்துக்கும் குதிப்புக்கும் மணல். கடினத் தரையைவிட உலர்மணலில் ஓட ஒன்றரை மடங்குக்கும் கூடுதலான ஆற்றல் செலவாகும், காலில் விழும் அதிர்ச்சியோ குறைவு. கெண்டைக்கால் வலி உள்ளவர் அலை நனைத்த இறுகிய மணலில் தொடங்கட்டும். பஸ்கிக்கு இரண்டும் சரி.

முதுகுக்கு இரண்டிலும் வழியில்லை. தொங்கி இழுக்க ஒரு கம்பி வேண்டும். தொப்பையை மட்டும் கரைக்கும் பயிற்சியும் எங்குமில்லை, விளம்பரங்கள் என்ன சொன்னாலும்.

என் ஓட்டு மாடிக்கே. ஞாயிறு மட்டும் மணல், அதுவும் பஜ்ஜிக் கடை திறப்பதற்கு முன்.