‘பர்மா தேக்கு’ என்று விற்ற நிலை: பிரைமருக்கு அடியில் என்ன இருந்தது?

கடலூரில் ஒரு புது வீட்டுக்குப் புதுச்சேரி மரவாடி ஒன்றிலிருந்து ‘பர்மா தேக்கு’ என்று தலைவாசல் நிலையும் ஜன்னல் சட்டங்களும் வந்து இறங்கின. எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பிரைமர் அடித்திருந்தது. ஐப்பசியில் நிலை வைத்தார்கள். பங்குனிக்குள் மேல்மூலைப் பொருத்துகள் வாய் பிளந்தன. ஒரு நிலைக்கால் முறுக்கிக்கொண்டதால் தாழ்ப்பாள் விழவில்லை. அடியில் தினமும் டால்கம் பவுடர் மாதிரி மெல்லிய பொடி. மரவாடியில் கேட்டதற்கு, “மரம்னா அப்படித்தாங்க இருக்கும், கடக்காத்து வேற” என்று பதில்.

இந்தப் பதிலை ஏற்கவே கூடாது. கடல்காற்றில் ஈரம் அதிகம். ஈரம் ஏறினால் மரம் ஊதும், கதவு இறுகும். பொருத்து பிளப்பது மரம் காயும்போது. ஈரம் குறையாத மரத்தை அறுத்து, பிரைமரால் மூடி விற்றிருக்கிறார்கள்.

பிரைமரைச் சுரண்டியதும் மீதியும் தெரிந்தது. 5 அங்குல முகத்தின் ஒரு ஓரம் முழுக்க ஒன்றேகால் அங்குல அகலத்துக்கு வெள்ளை, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர் மரம். அதில் குண்டூசி போனால் அடைபடும் அளவில் வரிசையாகத் துளைகள். இன்னொரு முகத்தில் நாலு அங்குல வெடிப்பை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுச் சமமாக்கியிருந்தார்கள். பொடி கொட்டுகிற வண்டுக்கு இரை வெள்ளையில் இருக்கும் மாவுச்சத்து. வைரத்தை, அதாவது உள்ளே முற்றிய கருமரத்தை, அது தொடாது. வெள்ளையோடு சேர்த்து அறுத்தால் அதே மரத்தில் கன அடி கூடுதலாகத் தேறும், அதுதான் விற்பவருக்கு லாபம். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். வண்டின் புழு உள்ளேதான் மாதக்கணக்கில் தின்றுகொண்டிருக்கும். வண்டாகி வெளியே வரும்போது பெயின்டையும் துளைத்துக்கொண்டு வரும்.

அதனால் நிலை, சட்டம் எதுவானாலும் பிரைமர் அடிக்காமல், வெறும் மரமாக இறக்கச் சொல்லுங்கள். நாலு முகமும் இரண்டு வெட்டுமுனையும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெட்டுமுனையில் வளையங்களின் மையம் தெரிந்தால் அந்த நிலைக்காலை ஒதுக்குங்கள். வளையத்தை ஒட்டிய திசையில் மரம் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மையம் உள்ளே இருக்கும் கட்டை வெடிக்காமல் காய்வது அரிது. மையத்தை ஒட்டி அறுத்தது முறுக்கும்.

ஈரத்தை வீட்டிலேயே பார்க்கலாம். முனை சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் ஒரு அடி உள்ளே தள்ளி மெல்லிய வில்லை ஒன்றை வெட்டி வாங்குங்கள். சமையலறைத் தராசில் 120 கிராம் இருந்தது என்று வையுங்கள். ஓவனில் 103 டிகிரியில், இனி எடை குறையாது என்கிற வரை காயவைத்த பின் 96 கிராம். போன 24-ஐ 96-ஆல் வகுத்தால் 25 சதவீதம். நம் கடற்கரைப் பக்கத்துக்கு 12 முதல் 14 வரை சரி. 25-லிருந்து 13-க்கு இறங்கும்போது 5 அங்குலத் தேக்கு, அறுப்பைப் பொறுத்து, 1 முதல் 3 மில்லிமீட்டர் சுருங்கும். பொருத்து பிளக்க அது போதும். விற்பவர் ஈரம் அளக்கும் மீட்டர் வைத்துக் காட்டினால் மேல்பரப்பில் வைக்க விடாதீர்கள். புதிதாக வெட்டிய முகத்தில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

அளவிலும் பணம் போயிருக்கிறது. பில்லில் 5×3. டேப் வைத்தால் நாலேமுக்கால், இரண்டேமுக்கால். நிலைக்கால் இரண்டும் தலா 7 அடி, மேல்சட்டமும் அடிச்சட்டமும் தலா மூன்றரை அடி, மொத்தம் 21 அடி. அங்குல அகலம், அங்குல கனம், அடி நீளம் மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் பில்படி 2.19 கன அடி, கையில் வந்தது 1.90. நூற்றுக்கு பதின்மூன்று குறைகிறது. இழைப்பில் கொஞ்சம் போவது உண்டுதான். அப்படியானால் அளவு இழைப்புக்கு முன்னதா பின்னதா என்று பில்லில் இருக்க வேண்டும்.

‘பர்மா’ என்ற பெயருக்கு மட்டும் விலை கொடுக்காதீர்கள். மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டது. வாடியில் உருட்டைக் காட்டி இப்போதுதான் பர்மாவிலிருந்து வந்தது என்றால் நம்புவதற்கில்லை. இளம் தோட்டத்துத் தேக்கும் தேக்குதான், ஆனால் அதில் வெள்ளை அதிகம், விலையும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். உள்நிலைகளுக்குப் பண்ருட்டிப் பக்கத்து முற்றிய பலா வைரம் கிடைத்தால், பெயர் தெரியாத தேக்கைவிட அதையே எடுக்கலாம் என்பது எங்கள் கருத்து.

இந்த வீட்டுக்காரரிடம் இருந்த பில்லில் ‘மரம், 1 லாட்’ என்று மட்டும் எழுதியிருந்தது. மரத்தின் பெயர், கன அடி, ‘வெள்ளை இல்லாதது’ என்ற மூன்றும் பில்லில் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் நிலையைப் பெயர்ப்பதற்கு முன்பே சுரண்டிய இடத்தை டேப் வைத்துப் படமெடுங்கள், கொட்டிய பொடியைக் கவரில் போட்டு வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புதுச்சேரியில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கெடு இரண்டு ஆண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.