பதினாறு பாகங்களுடன் ஒன்பது ஆண்டுகள்

ராபின் ஹாப் எழுதிய எல்டர்லிங்ஸ் நாவல் வரிசையின் முதல் பாகத்தைக் கையில் எடுத்தபோது எனக்கு வயது இருபத்தாறு. பதினாறாவது பாகத்தின் கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது முப்பத்தைந்து. 1995-இல் தொடங்கி 2017-இல் நிறைவடைந்த இந்த வரிசையைச் சில மாதங்களில் வாசித்து முடிப்பவர்களும் உண்டு. நான் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ என்று வாசித்தேன்; அதுவே நல்லதாயிற்று என்று இப்போது இரண்டாம் முறை வாசிக்கும்போது உறுதியாகத் தோன்றுகிறது.

வாள், மந்திரம், டிராகன் எல்லாம் இதிலும் இருக்கின்றன. ஆனால் இதை வயதுவந்தோருக்கான சாகசக் கதை என்று நான் சொல்வது ரத்தத்துக்காகவோ படுக்கையறைக் காட்சிகளுக்காகவோ அல்ல. இங்கே நடப்பது எதுவும் நடந்த இடத்திலேயே முடிந்துபோவதில்லை என்பதற்காக. பட்டத்து இளவரசனுக்குத் திருமண உறவுக்கு வெளியே பிறந்து, அரண்மனையின் ரகசியக் கொலையாளியாகப் பயிற்றுவிக்கப்படும் ஃபிட்ஸ், முதல் பாகத்தில் நஞ்சூட்டப்படுகிறான். வேறு கதையாக இருந்தால் அடுத்த பாகத்தில் அவன் குதிரையேறிப் புறப்பட்டிருப்பான். இங்கோ கை நடுக்கத்தோடும் வலிப்போடும் இளமையிலேயே முதியவனைப் போல நடக்கிறான். மன்னர் குடும்பத்துக்குரிய ஸ்கில் என்ற மனத்தொடர்பு ஆற்றலும் அப்படித்தான். பயன்படுத்துபவனைத் தன்பால் இழுத்து, மெல்ல மெல்லத் தின்றுவிடக்கூடியது. வலிமைக்கு விலை உண்டு என்பதை இத்தனை பொறுமையாகக் கணக்கிட்டுக் காட்டிய இன்னொரு மாயப் புனைவை நான் வாசித்ததில்லை.

காலம் செல்லச் செல்ல என் பார்வையில் மிகவும் மாறியவர் பரிச். தன் எசமானின் மகன் என்பதால் ஆறு வயது ஃபிட்ஸை வளர்க்கும் பொறுப்பு தலையில் விழுந்த குதிரைலாயக் காவலர் அவர். விலங்குகளோடு மனம் கலக்கும் விட் என்ற ஆற்றல் சிறுவனிடம் இருப்பதைக் கண்டுபிடித்ததும், அவன் உயிராக நேசித்த நாய்க்குட்டியை அவனிடமிருந்து பிரித்துவிடுகிறார். இருபத்தாறு வயதில் அந்தக் காட்சியை வாசித்து அவரை வெறுத்தேன். இரண்டாம் வாசிப்பில் அதே பக்கத்தில் எனக்குத் தெரிந்தவர், தான் நம்பியிருந்த எசமானை இழந்து, பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஒன்றுமே அறியாமல், தனக்குத் தெரிந்த ஒரே கண்டிப்பைக் கைக்கொண்ட ஓர் இளைஞர். இடையில் எனக்கும் ஒரு மகள் பிறந்திருந்தாள். எழுத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை.

எந்த வரிசையில் வாசிப்பது என்ற கேள்வி எப்போதும் எழுகிறது. ஃபிட்ஸ் தன் வாழ்க்கையைத் தானே சொல்லும் ஒன்பது நாவல்களை மட்டும் வாசித்துவிட்டு, கப்பல் வணிகர்களைப் பற்றிய மூன்றையும் ரெயின் வைல்ட்ஸ் பகுதியைப் பற்றிய நான்கையும் விட்டுவிடலாம் என்பது சிலரின் யோசனை. நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். மூன்றாம் பாகம் முடிந்து நான்காவதைத் திறந்ததும் ஃபிட்ஸைக் காணோம், புதிய ஊர், புதிய குடும்பம் என்று ஏமாற்றமடைந்து ஐந்து மாதங்கள் அதை மூடியே வைத்திருந்தேன். பிறகு வாசித்தபோது, முழு வரிசையிலும் மிகச் சிறந்தவை அந்த மூன்றுதான் என்ற முடிவுக்கு வந்தேன். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் தன் மேல்தளத்தில் உயிர்விட்ட பிறகே அவற்றில் வரும் ஒரு கப்பல் உயிர் பெற்று, கண் திறந்து பேசும் என்பது கற்பனையாகவே அபாரமானது; அந்தக் கப்பலின் மரம் உண்மையில் என்ன என்பது தெரியவரும்போது அதுவரை வாசித்த அத்தனையும் வேறு பொருள் கொள்கிறது. அந்த மூன்றில் முதலாவதில் சகிக்க முடியாத செல்லப் பெண்ணாக வரும் மால்டாவின் வளர்ச்சியை இதற்கு முன் வேறெங்கும் கண்டதில்லை. ஆகவே வெளிவந்த வரிசையிலேயே வாசியுங்கள். பின்னால் ஃபிட்ஸிடம் திரும்பும்போது, அவன் அறியாத செய்திகளை நாம் அறிந்திருப்போம். அந்த இடைவெளியில் கிடைக்கும் இன்பத்தைத் தாண்டிப் போய்விட்டால் மீண்டும் பெற முடியாது.

குறைகளும் உண்டு. மூன்றாம் பாகத்தின் நெடும்பயணம் தேவைக்கு மேல் நீள்கிறது. ரெயின் வைல்ட்ஸின் முதல் இரண்டு பாகங்கள் ஒரே நாவலை நடுவில் வெட்டியதுபோல் இருப்பதால், முதலாவது முடியும் இடம் முடிவாகவே தோன்றுவதில்லை. ஃபிட்ஸின் பிடிவாதமும் தன்னிரக்கமும் சில வேளைகளில் களைப்பூட்டும். அவன் வாய்திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் பாதித் துயரம் நேர்ந்திருக்காது என்று பலமுறை வருந்தியிருக்கிறேன். மனம் சோர்ந்திருக்கும் நாட்களில் இந்த வரிசையைத் தொடங்க வேண்டாம் என்றும் அக்கறையோடு சொல்கிறேன்.

பெயர்கள் மறந்துவிடுமோ என்று முதலில் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். இரண்டாம் பாகத்துக்குப் பிறகு அது தேவைப்படவில்லை. 2003-இல் வெளிவந்த ஒன்பதாம் பாகத்துக்கும், ஃபிட்ஸ் மீண்டும் வரும் 2014-ஆம் ஆண்டு நாவலுக்கும் இடையே ஆசிரியரே பதினோரு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். நானும் அங்கே ஓராண்டு நிறுத்திவிட்டுத்தான் தொடர்ந்தேன். திரும்பி வந்தபோது ஃபிட்ஸுக்கும் வயதாகியிருந்தது. பழைய நண்பரின் வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது.

இப்போது இரண்டாம் சுற்றில் ரெயின் வைல்ட்ஸுக்கு வந்திருக்கிறேன். அங்கே அத்தியாயங்களின் தொடக்கத்தில், தூதுப் பறவைகளைப் பராமரிப்பவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் சிறு கடிதங்கள் வருகின்றன. டிராகன்களைத் தேடும் அவசரத்தில் முதல் முறை அவற்றை மேலோட்டமாகக் கடந்துவிட்டேன். இம்முறை ஒவ்வொரு கடிதத்தையும் நின்று வாசிக்கிறேன்.